பாலைவனத்துக்கு ஒற்றை வாசல்

வல்லத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கட்டடங்கள் செய்யும் யார்டு ஒன்றிலிருந்து வெளியே போகும் வரைபடம் ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'வரைந்தவர்', மற்றது 'வடிவமைத்தவர்'. பத்து வருஷத்துக்கு மேலாக எழில்மொழியின் பெயர் முதல் கட்டத்திலேயே குடியிருந்தது. இரண்டாவது கட்டத்தில் முதலாளி பிரபுவின் பெயர் இருக்கும், அல்லது சென்னையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு ஆலோசகரின் பெயர் இருக்கும். அவளே யோசித்து, அவளே அடித்துத் திருத்தி, வெல்டரோடு அவளே மல்லுக்கட்டி நிமிர்த்திய கட்டடமானாலும் அப்படித்தான். பிரபுவைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அதனால் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பாலைவன வேலை வந்தபோதுதான் அவள் கேட்டாள்.

"சார், இத நான் பண்றேன். பாஸாச்சுன்னா ரெண்டாவது கட்டத்துல என் பேரு."

பிரபு கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். "பாஸாகலன்னா?"

"மொதக் கட்டத்துலயும் வேணாம் சார்."

சொன்ன பிறகுதான் அது வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்னதுபோல என்பது அவளுக்கு உறைத்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பிரபு தலையாட்டிவிட்டார். பேச்சு பேச்சாகிவிட்டது.

கேட்டவர்களுக்கு வேலை விசித்திரமாகத்தான் பட்டது. அரபு நாட்டுப் பாலைவனத்தின் நடுவே ஒரு தங்கச் சுரங்கம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். செங்கல் கிடையாது, கொத்தனார் கிடையாது, தண்ணீரே லாரியில்தான் வர வேண்டும். ஆகவே சுரங்கத்தின் காவல் வாசலை, அதாவது ஆட்களைச் சோதித்து உள்ளே விட்டு வெளியே அனுப்பும் கட்டடத்தை, இங்கேயே பெட்டி பெட்டியாகச் செய்து, கதவு, ஏ.சி., விளக்கு, காவலர் மேசை எல்லாவற்றையும் பொருத்தி, டிரெய்லரில் ஏற்றிக் கப்பலில் அனுப்பிவிட வேண்டும். அங்கே கிரேன் வைத்து இறக்கி, பெட்டியோடு பெட்டியைப் போல்ட் போட்டு முடுக்கினால் வாசல் தயார். நான்கு பெட்டிக்கு மேல் கூடாது. ஷிப்ட் முடிந்து வரும் இருநூற்றுச் சொச்சம் பேரையும் அரை மணி நேரத்துக்குள் சோதித்து பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்.

சுரங்கத்தின் சார்பில் பேசியவள் அங்கே பாதுகாப்புப் பொறியாளராக இருந்த ஷமீரா. முதல் இரண்டு அழைப்புகளும் முழுக்க ஆங்கிலத்தில்தான் நடந்தன. மூன்றாவதில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தபோது, "ஐயோ, திரும்பவும் போயிருச்சு" என்று அவள் தன்னை அறியாமல் சொல்லிவிட, எழில்மொழி ஊரைக் கேட்டாள். அதிராம்பட்டினம். இவளுடைய ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அதற்குப் பிறகு சுரங்கத்தின் தலைமை அதிகாரி வரும் கூட்டங்களில் மட்டும் ஆங்கிலம், மற்ற நேரமெல்லாம் தமிழ் என்றாகிவிட்டது.

பிரச்சினை என்னவென்று ஷமீராதான் விளக்கமாகச் சொன்னாள். சுரங்கத்தில் எல்லோரும் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ போட்டிருப்பார்கள். தங்கம் என்றால் பொடியளவு பிடிபட வேண்டும், அதனால் மெட்டல் டிடெக்டரை மெத்தனமாக வைக்க முடியாது. விளைவு, வருகிற ஒவ்வொருவனுக்கும் மணி அடிக்கும். ஒவ்வொருவனையும் ஓரமாக நிறுத்தி, கையால் தடவி, ஷூவைக் கழற்றச் சொல்லித் தட்டிப் பார்ப்பார்கள். கழற்றுகிறவன் வெயிலில், கொதிக்கிற சரளைக் கல்லில், ஒற்றைக் காலில் நிற்பான். மற்றவர்கள் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பார்கள். போன கோடையில் இரண்டு பேர் வரிசையிலேயே மயங்கி விழுந்திருக்கிறார்கள்.

எழில்மொழி முதலில் வரைந்தது ஒரு பெரிய கூடம். வரிசையை வெயிலிலிருந்து உள்ளே கொண்டுவந்தால் போதும் என்று நினைத்தாள். தலைமை அதிகாரி அதைத் திருப்பி அனுப்பினார். தாங்கள் கேட்டது வாசல் என்றும், வந்திருப்பது காத்திருப்புக் கூடம் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். இரண்டாவது முறை டிடெக்டர்களைக் கூட்டினாள். அத்தனை காவலர்களுக்கு எங்கே போவது என்று அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதில் மறுசோதனைக்கென்று மூன்று சிறு அறைகளை அடுக்கினாள். அதற்குப் பதில் வர நாளானது. வந்தபோது பிரபுவே அச்செடுத்துக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். நான்கு பெட்டிகளையும் செய்துகொள்ளலாம்; ஆனால் யார்டிலேயே ஒன்றுசேர்த்து, ஆட்களை நடக்கவிட்டுக் காட்ட வேண்டும்; அவர்கள் கேமராவில் பார்ப்பார்கள்; தேறாவிட்டால் வேலை வேறு நிறுவனத்துக்குப் போய்விடும்.

பெட்டிகள் செய்து முடிந்து, யார்டின் செம்மண் தரையில் ஒன்றோடொன்று இணைந்து நின்றன. வெள்ளைச் சாயம், பச்சைக் கரை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதனைக்கு முந்தின நாள் யார்டு ஆட்கள் இருபது முப்பது பேரை அவர்கள் போட்டிருந்த ஷூவோடு நடக்கவைத்துப் பார்த்தாள். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை மணி ஓயவில்லை. மூன்று மறுசோதனை அறைகளும் சட்டென்று நிறைந்து, வரிசை வாசலுக்கு வெளியே வளைந்து நின்றது. அரை மணி நேரமாவது, ஒரு மணி நேரத்திலும் முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை. பிரபு கேட்டதற்கு, நாளைக்குப் பார்ப்போம் சார் என்று மட்டும் சொன்னாள்.

நடப்பதற்கு ஆள் வேண்டுமே. பிரபு முதலில் கல்லூரிப் பையன்களை நினைத்திருந்தார். அவர்களுக்குப் பரீட்சை. எழில்மொழி அம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் அம்மா அம்சம், ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கொடுப்பவள். ஐப்பசி பிறந்து சம்பா நடவு முடிந்திருந்தது, களையெடுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், சும்மா இருந்த சம்சாரிகள் என்று எண்பது ஆண்களை இரண்டு வேனில் அடைத்துக்கொண்டு அம்சம் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வந்து இறங்கினாள். அப்பா செல்லதுரையும் வந்திருந்தார். பண்ணை வேலையில் பிறந்து வளர்ந்து, குத்தகைக்கு உழுது, கடைசியில் ஒரு ஏக்கர் அளவுக்கு வரும் மூன்று மா நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட மனிதர். அதிகம் பேசமாட்டார். வந்ததும் ஒரு இரும்பு உத்திரத்தின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

சுற்றுவட்டாரத்து ஷெட்டுகளிலெல்லாம் கேட்டு வாங்கிய சேஃப்டி ஷூக்கள் கோணிப்பைகளில் வந்தன. எண்பது பேர் மூன்று சுற்று வந்தால் ஒரு ஷிப்ட் கணக்கு. எல்லோரும் தங்கள் செருப்பைக் கேன்டீன் ஓரமாக விட்டுவிட்டு ஷூ மாட்டிக்கொண்டார்கள். போன், சாவி, சில்லறை எல்லாம் அம்சத்தின் கூடையில் விழுந்தன. கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் இனியவன் நாலடி நடந்து பார்த்துவிட்டு, "அம்சக்கா, லாடம் அடிச்ச மாடு மாதிரி இருக்கு. ரெண்டு மணி கட்டிவிட்டா வண்டில பூட்டிறலாம்" என்றான்.

"ஒன்ன எந்த வண்டிக்காரன் வாங்குவான்" என்றாள் அம்சம்.

இந்த அமளிக்கு நடுவே அம்சம் செய்த ஒரு காரியத்தை எழில்மொழி கவனிக்கவில்லை. யார்டு ஆட்கள் வாசலில் மாவிலை கட்டி, பூசணிக்காய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வாசல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அம்சம், நுழைவுப் பெட்டியின் படிக்கு முன்னால் கோலம் போட்டு, படியோரம் ஒரு குத்துவிளக்கையும் ஏற்றிவைத்துவிட்டாள். பாலைவனத்துக்குப் போனால் என்ன, இங்கே பிறந்த பிள்ளைதானே என்று வெல்டரிடம் நியாயம் வேறு சொல்லியிருக்கிறாள்.

எழில்மொழி மறுமுனையில், ஆட்கள் வெளியேறும் பெட்டியில் நின்றிருந்தாள். பக்கத்தில் மேசைமேல் லேப்டாப். அதில் இரண்டு சதுரங்கள். ஒன்றில் ஷமீரா, மற்றதில் தலைமை அதிகாரி. அதிகாரி சரி என்றார். பக்கத்தில் நின்ற பிரபு முன்வாசல் பக்கம் பார்த்துக் கையசைத்தார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மணி அடிக்கவில்லை. ஐந்து பேர், பத்து பேர், இருபது பேர். மணியே இல்லை. டிடெக்டரை யாராவது அணைத்துவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுசோதனை அறைகள் மூன்றும் காலி. காவலராக நின்ற யார்டு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை வாய்க்காலில் தண்ணீர் போவதுபோலப் போனது. ஒரு டீ ஆற்றிக் குடிக்கும் நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரே ஒரு முறை மணி அடித்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பா. டிடெக்டரின் சட்டத்துக்குள் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு ஷூவையும் கையில் பிடித்து, துண்டால் மூடி, மார்போடு அணைத்திருந்தார்.

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். அவர் காலில் ஒன்றுமில்லை. வெளியே நின்ற எண்பது பேர் காலிலும் ஒன்றுமில்லை.

ஓடிப்போய் முன்வாசலைப் பார்த்தாள். கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. கோலத்தைச் சுற்றி, விளக்கைச் சுற்றி, கறுப்பு மேடாக ஷூக்கள் குவிந்து கிடந்தன.

"அம்மா, என்ன பண்ணி வச்சிருக்க."

"நான் என்னடி பண்ணினேன். வெளக்கு எரியுது, புதுக் கட்டடம். அதுக்குள்ள மிதியடியோட போவாங்களா. இந்த இனியவன் பூட்ஸோட ஏறப் போனான், ஏறுவியான்னு ஒரு அதட்டு அதட்டுனேன். அப்புறம் எல்லாரும் தானா கழட்டிட்டாங்க."

முன்வாசல் கேமரா அந்தக் குவியலை ஒளிவுமறைவில்லாமல் காட்டிக்கொண்டிருந்தது. தலைமை அதிகாரி அது என்ன என்று கேட்டார். ஷமீரா சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஷூ இல்லாத ஆட்களை வைத்து நடத்திய சோதனை சோதனையே அல்ல என்றார். தான் போக வேண்டும் என்றும் சொன்னார். ஷமீரா ஏதேதோ வாதாடி, இந்திய நேரம் மாலை நாலு மணிக்கு இன்னொரு முறை பார்ப்பதற்கு அவரைச் சம்மதிக்க வைத்தாள். அத்தோடு முடிந்தது என்று அவர் சொன்னதும் அவருடைய சதுரம் கறுத்தது.

ஆட்கள் ஷூ மாட்டிக்கொள்ள முன்வாசலுக்குத் திரும்பியபோது அங்கே வேறொரு கூத்து ஆரம்பமானது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே உருவம். என்னுடையது எது, இது இரண்டுமே இடது கால், இதைக் கொஞ்சம் மாற்றிக்கொடு என்று ஒரே இரைச்சல். உள்ளே போய் வந்த நேரத்தைவிட ஷூவைத் தேடிய நேரம் அதிகம். கல்யாண வீட்டில்கூட இப்படி மாறாது என்று இனியவன் ஒற்றை ஷூவோடு புலம்பினான்.

எழில்மொழி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஷூவைக் கீழே வைக்காமல் இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

"என்னப்பா, நீங்க மட்டும் ஏன் கையில எடுத்துட்டுப் போனீங்க?"

அவர் ஷூவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "பழக்கம்மா" என்றார். "கெடுத்துட்டனா?"

வேறு எதற்கோ கோபமாக இருந்த ஒரு நாளில் அம்மா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. சிறு வயதில் அப்பா பெரிய தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் செருப்பைக் கழற்றித் துண்டுக்குள் வைத்துத்தான் போவாராம். காலில் கிடந்தால் அடி விழும். வெளியே விட்டுப் போனால் திரும்பும்போது இருக்காது. அந்தத் தெரு பிறகு மாறிப்போனது, அதில் இப்போது அவரே டிவிஎஸ் வண்டியில் போகிறார். ஆனால் ஒரு வாசலைக் கண்டு நெஞ்சில் ஒரு சின்னப் பயம் தட்டிய கணத்தில் கை தானாக அதைச் செய்திருக்கிறது.

"கெடுக்கலப்பா" என்றாள். நிஜமாகவே அவர் கெடுக்கவில்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்குப் புலப்பட்டது. எண்பது பேர் போனார்கள். மணி அடித்தது ஷூ உள்ளே போன ஒரே தடவைதான். ஆளில் ஒன்றுமில்லை. எல்லாம் ஷூவில். அப்படியென்றால் ஷூ எதற்காக வாசலைத் தாண்ட வேண்டும்?

நம் வீட்டுச் செருப்பு வீட்டுக்கு வெளியே கிடக்கிறது. வயல் சேறு வயலோடு. சுரங்கத்தில் போட்ட ஷூ சுரங்கத்துப் பக்கமே கிடந்தால் என்ன? வேலைக்கு வருகிறவன் தன் செருப்பை ஊர்ப் பக்கம் விடட்டும், வெறுங்காலோடு சோதனையைக் கடக்கட்டும், அந்தப் பக்கம் போய் ஷூவை மாட்டட்டும். திரும்பும்போது அதே போல. ஷூவைத் தட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் அது எங்கேயும் போகவில்லை.

ஒற்றைக் காலில் நிற்பதுதான் மிச்சமிருந்த அவமானம். அதற்கு அவள் பெட்டியின் அகலம் முழுவதையும் அடைத்துக் குறுக்கே ஒரு தாழ்ந்த பெஞ்சு போட்டாள். அதில் உட்கார வேண்டும், ஷூவைக் கழற்றித் தன் இடத்தில் வைக்க வேண்டும், உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். அந்த பெஞ்சுதான் வாசற்படி. வரைவதற்கு நேரமில்லை. மறுசோதனை அறைகளின் தடுப்புச் சுவர்களை அவிழ்க்கச் சொன்னாள். எல்லாம் போல்ட் போட்டவை, மளமளவென்று கழன்று வந்தன. இரும்புக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகளை அடுக்கித் தச்சர் பெஞ்சு செய்தார். ஷூ வைக்கும் அடுக்குக்கு எங்கே போவது என்று பிரபு கவலைப்பட்டபோது, அம்சம் மிச்சமிருந்த கோலமாவை எடுத்துக்கொண்டு போய் பெஞ்சுக்கு உள்பக்கத் தரையில், சுரங்கம் என்று வைத்துக்கொண்ட பக்கத்தில், கட்டம் கட்டமாக இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு எண் போட்டாள். கேன்டீனில் கிடந்த செருப்புகளைக் கோணியில் அள்ளிவந்து வெளிப்பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள்.

குத்துவிளக்கை எழில்மொழியே தூக்கி ஓரமாக வைத்தாள். அணைக்கவில்லை.

மத்தியானம் மழை கொட்டியது. ஐப்பசி மழை, கேட்கவா வேண்டும். யார்டு முழுக்கச் செம்மண் சகதி. ஆட்கள் ஷூவோடு வெளியே நின்று ஊறினார்கள். பிரபு வானத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். நாலு மணிக்கு மழை விட்டுத் தூறலாக நின்றபோது தலைமை அதிகாரியின் சதுரம் திரும்ப வந்தது. இம்முறை எல்லோர் காலிலும் ஷூ இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தார்.

இருந்தது. எண்பது பேரும் சகதி அப்பிய ஷூவோடு உள்ளே வந்தார்கள். உட்கார்ந்தார்கள். கழற்றினார்கள். காலைத் தூக்கிப் போட்டார்கள். முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாறினார்கள். ஒருவன் பெஞ்சின் தவறான பக்கம் திரும்பி உட்கார்ந்து அம்சத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு வந்த இரண்டாவது சுற்றில் பழகிவிட்டது. மூன்றாவதில் ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்தார்கள். மணி அடிக்கவில்லை. வரிசை எங்கும் நிற்கவில்லை. வெளியே அவரவர் செருப்பு அவரவருக்கு. அரை மணி நேரம் முடிய இன்னும் நிறைய மிச்சமிருந்தது.

அப்பா கடைசியாக வந்தார். ஷூவைத் தன் கட்டத்தில் ஜோடியாக வைத்தார். பெஞ்சைத் தாண்டி எழுந்து, கைகளை என்ன செய்வது என்று ஒரு கணம் தெரியாமல் நின்றார். பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு டிடெக்டருக்குள் நுழைந்து வெளியே வந்தார். பச்சை விளக்கு.

தலைமை அதிகாரி கேமராவை பெஞ்சுப் பக்கம் திருப்பச் சொன்னார். எழில்மொழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தரையைக் காட்டினாள். பெஞ்சுக்கு உள்பக்கம் தரை முழுக்கச் செக்கச்செவேல் என்று சகதி. பெஞ்சுக்கு வெளிப்பக்கம் வெள்ளைத் தரை, ஈரக்கால் தடம் மட்டும். சிவப்பு, பெஞ்சோடு கத்தரித்தாற்போல நின்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சிவப்பு தன் சுரங்கத்தில் என்ன மண் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தங்கப்பொடி கலந்த மண் ஆயிரக்கணக்கான ஷூக்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. தட்டிப் பார்த்தவர்கள் பொட்டலத்தைத்தான் தேடினார்கள்.

நன்றாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததில்லை. பிரபு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு திருத்தம் என்று அதிகாரி தொடர்ந்தார். அதிகாரிகளுக்கும் விருந்தினர்களுக்கும் பக்கவாட்டில் தனிக்கதவு ஒன்று வைத்துவிட வேண்டும். அவர்கள் உட்கார்ந்து ஷூ கழற்றுவது முறையாக இராது.

பிரபு கேமராவுக்குப் பின்னால் நின்று, சரி என்று சொல் என வேகமாகத் தலையை ஆட்டினார். ஒரு கதவு. நான்கு போல்ட், ஒரு கீல். காலையிலிருந்து அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் மிகச் சுலபமானது. இரண்டாவது கட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

எழில்மொழி வெளியே பார்த்தாள். அப்பா தன் செருப்பை மாட்டிக்கொண்டு, உத்திரத்தின் மேல் துண்டை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்.

முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மண்ணுக்கு எது யாருடைய கால் என்று தெரியாது. இன்னொரு கதவு வைத்தால் அந்தச் சிவப்பு அதன் வழியே வெளியே போகும். பிறகு இந்த பெஞ்சுக்கு அர்த்தமில்லை. இரண்டு வாசல் வைத்த கட்டடத்தில் தன் பெயரைப் போட வேண்டாம். கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் பெயரைப் பற்றி அந்த மனிதருக்கு என்ன தெரியும்.

பிரபு கண்ணை மூடிக்கொண்டார். ஷமீராதான் முதலில் பேசினாள். நான் தினமும் அந்த வாசலில்தான் போகிறேன், எனக்கு உட்கார்ந்து கழற்றுவதில் ஒரு குறைச்சலும் இல்லை என்றாள். அதிகாரி அவள் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. திரையில் இன்னும் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரே வாசல் என்றார். இறுதி வரைபடத்தை அனுப்புங்கள் என்றும் சொல்லி எழுந்து போனார்.

ஷமீரா மட்டும் சதுரத்தில் மிச்சமிருந்தாள். "எழில், அந்தக் கோலம் போட்ட அம்மாவ கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள். அம்சம் வந்து திரையில் முகத்தை வைத்து, சாப்பிட்டியாம்மா என்று விசாரித்தாள்.

வரைபடம் முடிய அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. பெஞ்சு தேக்கில், அடியில் எண்ணிட்ட அடுக்குகளோடு. கோலமாவு கட்டங்கள் எல்லாம் எஃகுத் தட்டுகளாயின. வலது கீழ் மூலைக்கு வந்தபோது பிரபு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முடியாதுன்னு சொன்னப்ப என் உசுரே போயிடுச்சு எழில்."

"எனக்குந்தான் சார்."

"சரி, போடுங்க." அவர் போகாமல் நின்று பார்த்தார். இரண்டாவது கட்டத்தில் அவள் செ. எழில்மொழி என்று அடித்தாள். முதல் கட்டம் காலியாக இருந்தது. கொஞ்சம் யோசித்து அதிலும் அதையே அடித்தாள்.

கார்த்திகையில் நான்கு டிரெய்லர்கள் யார்டை விட்டுப் புறப்பட்டன. கடைசிப் பெட்டியின் நெற்றியில் யாரோ காய்ந்துபோன மாவிலையை அவிழ்க்காமலே விட்டிருந்தார்கள். வல்லம் திருப்பத்தில் அது காற்றில் படபடத்துக்கொண்டு போனதை எழில்மொழி பார்த்தாள், சொல்லவில்லை. மேலும் ஐந்து சுரங்கங்களுக்கு அதே வாசல் வேண்டும் என்று தை பிறப்பதற்கு முன்பே தகவல் வந்துவிட்டது. யார்டில் இனிப்பு கொடுத்தார்கள். புதிதாகச் சேர்ந்த டிசைனர்களுக்கு அவளை அறிமுகப்படுத்தும்போது பிரபு, இந்த வாசல் இவங்களது என்று சொன்னார். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை.

ஷமீராவிடமிருந்து படம் வந்த நாளில் அவள் ஊரில் இருந்தாள். சம்பா அறுவடை. இயந்திரம் அவர்களுடைய மூன்று மாவிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா வரப்பில் நின்று, மூலைகளில் இயந்திரத்துக்கு எட்டாத கதிரை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். அம்மா நெல் கொட்டும் தார்ப்பாயின் பக்கம் நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

எழில்மொழி போனை அப்பாவிடம் நீட்டினாள். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. அவர் துண்டால் நிழல் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெள்ளைக் கட்டடத்துக்குள் நீளமான பெஞ்சு. வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பல தேசத்து முகங்கள். அவர்களுக்கு நடுவே, முழங்கை இடிக்கிற நெருக்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இவருதான் அன்னைக்குத் திரையில பேசுனவரா?"

"ஆமாப்பா. அவருதான் அங்க எல்லாருக்கும் மேல."

அப்பா படத்தை விரலால் பெரிதாக்கத் தெரியாமல் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். அவள் பெரிதாக்கிக் கொடுத்தாள். குனிந்த முதுகு, அவிழ்ந்த கயிறு, பக்கத்தில் காலியாக ஒரு எஃகுத் தட்டு.

"கழட்டுன ஷூவ யாரு எடுத்து வப்பாங்க இவருக்கு?"

"அவரேதான்பா."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, வரப்பில் கிடந்த செருப்பை மாட்டி, இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி அம்சத்தைக் கூப்பிட்டபடி தார்ப்பாயை நோக்கி வேகமாக நடந்தார்.